வழித்தட பாத்தியம்

பகலில் நான் அடிப்பது பாகப்பிரிவினைப் பத்திரங்கள்.
காங்கேயம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில்
ஒரு மேசை, ஒரு மின்விசிறி, எழுத்தர் சென்னியப்பனின் இருமல்.
இன்னார் பூமிக்குக் கிழக்கு, இட்டேரிக்கு மேற்கு,
கிணற்றில் பாதி, அஞ்சு எச்.பி. மோட்டாரில் முறைவைத்துப் பாதி,
போக வர வண்டி வழித்தட பாத்தியம் சகிதம்.
கண்ணை மூடினாலும் விரல் அடிக்கும்.

அதனால்தான் பயப்படவில்லை.
விண்டோஸின் பங்கிலிருந்து அறுபது ஜி.பி.யை
அளந்து பிரித்தபோது
பாதி வேலை முடிந்ததாகவே நினைத்தேன்.
பென்டிரைவ் தொடங்க மறுத்தது.
பயாஸில் புகுந்து லெகசி என்று மாற்றினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
மாற்றினால் வந்தது. வந்ததும் மறந்துவிட்டேன்.
கடைசிப் படியில் ஒரு கட்டம் எழுந்தது:
கிரப் நிறுவ முடியவில்லை.
படிக்காமல் 'சரி' அழுத்தினேன்.
படிக்காமல் கைநாட்டு வைக்கிறவர்களைப் பார்த்து
எத்தனை தரம் உச்சுக் கொட்டியிருக்கிறேன்.

மறுபடி தொடங்கினேன். கருப்பு.
மூலையில் வெள்ளையாய் ஒரே வரி:
தொடங்குவதற்குரிய வட்டு எதுவும் இல்லை.
புதியதும் இல்லை, பழையதும் இல்லை.
உள்ளே நாளைக் காலைப் பத்தரை டோக்கன்,
நாச்சிமுத்து, கிட்டுசாமி, அண்ணன் தம்பி பத்திரம்
பதினோரு பக்கம்.
வேறெங்கும் நகல் இல்லை.

மணி பன்னிரண்டு பத்து.
கொப்பரைக் களத்துக் காற்று எண்ணெய் வாசத்தோடு வந்தது.
கட்டிலில் அவர் புரண்டு,
"லைட்ட அணையேன் புள்ள" என்றார்.
அணைத்தேன்.

பென்டிரைவிலிருந்து எழுப்பி எட்டிப் பார்த்தேன்.
அண்ணன் பங்கு அப்படியே இருந்தது,
தம்பி பங்கும்.
நட்ட இடத்தில் கல்.
நடுவே நூறு எம்.பி.யில் ஒரு துண்டு,
எவர் பேருக்கும் எழுதாத பொதுத் தடம்.
அதில் அண்ணன் கால்தடம் மட்டும்.
தம்பிக்குக் காடு கொடுத்தேன்,
தடம் கொடுக்கவில்லை.

லெகசியைப் பழையபடி திருப்பினேன்.
விண்டோஸ் வந்தது, எதுவுமே நடக்காததுபோல்.
பதினோரு பக்கத்தையும் எனக்கே மெயிலில் அனுப்பிக்கொண்டேன்.
அத்தோடு படுத்திருக்கலாம்.

செக்யூர் பூட்.
முதலில் பென்டிரைவை மறித்த காவல்காரன் அவன்தான்.
அவனை அணைத்திருந்தாலே போதும்,
நான் கொல்லைப்புறச் சுவரை அல்லவா இடித்தேன்.
இந்தத் தரம் நேர்வாசலில் நுழைந்து,
லினக்ஸ் வீட்டுக்குள் போய்,
தடத்தை அதனோடு சேர்த்து, கிரப்பைத் திரும்ப எழுதினேன்.
பிழை ஏதுமில்லை என்றது.
இரண்டே முக்காலுக்கு லினக்ஸ் எழுந்தது.
பட்டியலில் விண்டோஸ் இல்லை.

வாய்விட்டுச் சிரித்தேன், அவர் மறுபடி புரண்டார்.
தடம் கிடைத்த கையோடு
அண்ணன் பேரை விட்டுவிட்டான் தம்பி.
வேறு வாரிசுகளைத் தேட வேண்டாம் என்று
முன்கூட்டியே யாரோ எழுதிவைத்த ஒற்றை வரி.
அதைத் திருத்தியதும்
ஒன்றன்கீழ் ஒன்றாக இருவரும் வந்து நின்றார்கள்.

காலையில் நாச்சிமுத்து இஸ்திரி கலையாமல் வந்தார்.
கிட்டுசாமி இரண்டு நாற்காலி தள்ளி.
விண்டோஸில் பத்திரத்தைத் திறந்தேன்.
திரையில் மணி ஐந்து. சுவரில் பத்தரை.
புதிதாய் வந்தவன் ராத்திரியே
கடிகாரத்தை லண்டனுக்குத் திருப்பிவைத்திருக்கிறான்,
பழையவன் அதைக் காங்கேயத்து நேரம் என்று நம்புகிறான்.
அதற்கும் ஒரு கட்டளை உண்டு.
இன்று ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

"ஏனுங் அம்மிணி," கிட்டுசாமி கேட்டார்,
"தடத்த எட்டடின்னு போட்டீங்ளா, பத்தடிங்ளா?"
நாச்சிமுத்து வெளியே டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முதல் பக்கத்திலிருந்து
சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன், ஓர் எழுத்து விடாமல்.
சென்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இருமினார்.